தீவகத்துக் கலவன் பாடசாலை

யாழ்ப்பாண நாட்டுப் பாடசாலைகளின் பெயர்ப்பலகைகளிற் காணப்படும் சுருக்கெழுத்துகள் வெளியூரார்க்கு விடுகதை போல்வன. அ. த. க. என்றால் அரசினர் தமிழ்க் கலவன் பாடசாலை. அ. மி. த. க. என்றால் அமெரிக்க மிஷன் தமிழ்க் கலவன் பாடசாலை. றோ. க. த. க. என்றால் றோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன் பாடசாலை. முதலில் நிற்கும் எழுத்துகள் பாடசாலையை நிறுவி நடத்தியவர் யார் என்பதைக் கூறும். த என்னும் எழுத்துப் பயிற்சிமொழியைக் கூறும். இறுதியில் நிற்கும் க என்னும் எழுத்து, ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் ஒருங்கிருந்து பயிலும் இடம் அது என்பதைக் கூறும்.

முதலெழுத்துகளைக் குறித்து இலங்கையில் நூறாண்டுக்கு மேலாக வாதங்கள் நிகழ்ந்தன. சபைகள் நடத்துவதா, அரசினர் நடத்துவதா என்பது தேர்தல் மேடை வரை சென்ற கேள்வி. மொழி எழுத்தைக் குறித்து எழுந்த வாதங்களோ நாடறிந்தவை. இறுதி எழுத்தைக் குறித்து ஊரிற் பேசியவர் சிலரே. ஆயினும் யாழ்ப்பாணத்துத் தீவுகளிற் பிறந்த ஒரு பெண்பிள்ளை எந்த வகுப்பு வரை படிப்பாள் என்பதைப் பெரிதும் வரையறுத்தது அவ்விறுதி எழுத்தே. கலவன் பாடசாலை எங்கே முடிந்ததோ, அங்கேயே அவளுடைய படிப்பும் பெரும்பாலும் முடிந்தது. இது எவ்வாறு நேர்ந்தது, எவ்வாறு மாறிற்று, இன்று இதன் நிலை யாது என்பன ஆராயத் தக்கவை.

முதலில் இடத்தின் இயல்பை அறிதல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு முதலிய தீவுகள் கிடக்கின்றன. ஒல்லாந்தர் இவற்றுக்குத் தம் நாட்டு நகர்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணைத் தீவு லெய்டன் ஆயிற்று. அனலைதீவு றொட்டர்டாம் ஆயிற்று. அப்பெயர்களுள் நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்னும் பெயரே இன்று பெரிதும் வழக்கில் உள்ளது. அனலைதீவு ஏறக்குறைய ஐந்து சதுர கிலோமீற்றர் பரப்புடையது. பனையும் புகையிலையும் மீன்பிடியும் அங்குள்ளார்க்கு வாழ்வளிப்பன. மக்களுட் சைவரே பெரும்பான்மையினர். ஐயனார் கோயில் அத்தீவின் புகழ்பெற்ற கோயில். அங்கிருந்து எந்த நகருக்குச் செல்வதாயினும் முதலிற் கடலைக் கடத்தல் வேண்டும். கடந்தால் எதிரே நிற்பது ஊர்காவற்றுறை.

ஊர்காவற்றுறை பழம்பெருந் துறைமுகம். நயினாதீவில் உள்ள முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்க் கல்வெட்டு, பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே அயல்நாட்டு வணிகர் வந்திறங்கும் ஊராத்துறையைக் குறிப்பிடுகின்றது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் அரசனுக்குச் சேரும் பங்கு எவ்வளவு, உடையவனுக்குச் சேரும் பங்கு எவ்வளவு என்பதும் அக்கல்வெட்டில் உண்டு. போர்த்துக்கேயர் காலத்தில் யானைகள் கப்பலேறிய துறையும் இதுவே. சுற்றியுள்ள சிறு தீவுகளுக்கு ஊர்காவற்றுறையே சந்தையும் நீதிமன்றமும் வைத்தியசாலையும் ஆயிற்று. நகரை ஒட்டியுள்ள கரம்பொன் அதன் புறநகர் போன்றது. இடைநிலைக் கல்வி இப்பகுதிக்கு வந்தபொழுது அது ஊர்காவற்றுறையிலும் கரம்பொன்னிலும் வேலணையிலும் ஊன்றியது இயல்பே. சிறு தீவுகளிலிருந்து பார்த்தால் அது கடலுக்கு அப்பாற்பட்ட கல்வியாயிற்று.

கத்தோலிக்க சமயம் தீவகத்தில் வேரூன்றியது போர்த்துக்கேயர் காலத்தில். 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியதும் அச்சமயம் தடைசெய்யப்பட்டது. கோயில்கள் புரட்டஸ்தாந்து ஆலயங்களாயின. கோயிற்பற்றுத்தோறும் ஆலயத்தை அடுத்துப் பாடசாலை நடந்தது. பிள்ளைகளை அனுப்பாத பெற்றோரிடம் தண்டம் அறவிடும் வழக்கமும் இருந்தது. 1687 இல் கோவையிலிருந்து வந்த யோசேவாஸ் அடிகள் யாழ்ப்பாணத்தில் மறைவிலிருந்து தம் பணியைத் தொடங்கினார். இங்கே கோவை என்பது மேல்கரையிலுள்ள கோவா நாடு. ஆங்கிலேயர் ஆட்சியிற் சமயத்தடை நீங்கிற்று. 1847 இல் அமலமரித் தியாகிகள் சபைக் குருமார் யாழ்ப்பாணம் வந்தனர். 1850 இல் யாழ்ப்பாண நகரில் அவர்கள் காலத்துத் தொடங்கிய ஆங்கிலப் பாடசாலையே பின்னர் புனித பத்திரிசியார் கல்லூரி எனப் பெயர் பெற்றது. 1862 இல் பிரான்சு நாட்டின் போர்தோ நகரிலிருந்து திருக்குடும்பக் கன்னியர் வந்து பெண்கல்விக்கு வழிகோலினர். அதற்கு முன்னரே, 1824 இல், அமெரிக்க மிஷனார் உடுவிலிற் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையை நிறுவியிருந்தனர்.

அக்காலத்துக் கத்தோலிக்கக் கல்வியின் பெருந்தூணாக விளங்கியவர் கிறிஸ்தோபர் பொஞ்ஞீன் ஆண்டகை. பிரான்சிற் பிறந்து, தென்னிந்தியாவிற் பணியாற்றி, 1856 இல் யாழ்ப்பாணம் வந்து அமலமரித் தியாகிகள் சபையிற் சேர்ந்தவர். பின்னாளிற் கொழும்பின் பேராயரானவர். 1860 ஆம் ஆண்டளவில் அவர் எழுதிய எழுத்துகள் கலப்புக் கல்வியை வன்மையாக மறுத்தன. அவர் மறுத்த கலப்பு ஆண் பெண் கலப்பன்று, சமயக் கலப்பு. பல சமயத்துப் பிள்ளைகளை ஒரே அரசினர் பாடசாலையிற் சமயமின்றிப் பயிற்றுதல் தகாது, ஒவ்வொரு சமயத்தாரும் தத்தம் பாடசாலையை நடத்த அரசினர் பணவுதவி புரிதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1869 இல் பொதுக்கல்வித் திணைக்களம் நிறுவப்பட்டபின் ஏற்பட்ட உதவிநன்கொடை முறை அக்கொள்கைக்குப் பெரிதும் இடமளித்தது. பரிசோதகர் வருவார்; வரவுப் புத்தகத்தைப் பார்ப்பார்; பிள்ளைகளைப் பரீட்சிப்பார்; பெறுபேற்றுக்கு ஏற்பப் பணம் வரும்.

இம்முறை தீவகத்திற் புகுந்தபொழுது ஒரு புதுமை நிகழ்ந்தது. பெரிய நகரில் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, கத்தோலிக்கர்க்கு ஒன்று, ஏனையோர்க்கு ஒன்று எனப் பாடசாலைகளை வகுக்க முடியும். மீனவர் குடியிருப்பொன்றில், பனங்கூடலுக்கு நடுவே கிடக்கும் சிற்றூரில், அவ்வாறு வகுத்தற்குப் பிள்ளைகள் ஏது? ஆண்பிள்ளைகளை மட்டும் சேர்த்தால் வகுப்பு நிறையாது. கத்தோலிக்கப் பிள்ளைகளை மட்டும் சேர்த்தாலும் பல ஊர்களில் நிறையாது. ஆகவே கோயிலருகே கிடுகு வேய்ந்த கொட்டிலில் தொடங்கிய தமிழ்ப் பாடசாலையில் ஆணும் பெண்ணும் ஒருங்கே அமர்ந்தனர். பல இடங்களிற் சைவப் பிள்ளையும் கத்தோலிக்கப் பிள்ளையும் ஒருங்கே அமர்ந்தனர். கலப்பை மறுத்த கொள்கையின் வழிவந்த பாடசாலைகள், ஊரின் சிறுமையால் இருவகையிலும் கலவன் பாடசாலைகள் ஆயின.

சமயக் கலப்பினால் மனக்கசப்பும் விளைந்தது. தம் பிள்ளைகள் பிறசமயப் பாடங்களைக் கேட்க நேர்ந்ததே எனச் சைவப் பெற்றோர் வருந்தினர். 1848 இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிக் காட்டிய வழியைப் பின்பற்றி, 1923 இற் சைவ வித்தியாவிருத்திச் சங்கம் தோன்றியது. இந்து போர்ட் இராசரத்தினம் என அழைக்கப்பெற்ற சு. இராசரத்தினம் அவர்களின் உழைப்பால் அச்சங்கம் ஊரூராகச் சைவப் பாடசாலைகளை அமைத்தது. 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், பெற்றோர் விரும்பாவிடத்துப் பிள்ளையைச் சமயபாடத்தினின்று விலக்கிக்கொள்ளும் உரிமையை வலியுறுத்திற்று. இப்போட்டியால் விளைந்த நன்மையும் உண்டு. இரு சமயத்தாரும் போட்டியிட்டுப் பாடசாலை நிறுவியதாற் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு கிட்டிற்று. சைவர் அமைத்த கிராமப் பாடசாலைகளும் பெரும்பாலும் கலவன் பாடசாலைகளே. சிற்றூரின் கணக்கு எச்சமயத்தார்க்கும் ஒன்றே.

ஆனால் இக்கணக்கு ஆரம்ப வகுப்புகளோடு நின்றுவிட்டது. அக்காலத்தில் இலங்கைக் கல்வி இரண்டு மாடிகளைக் கொண்ட வீடு போன்றிருந்தது. கீழ்மாடியில் தமிழ்ப் பாடசாலை, கட்டணம் இல்லை, ஆணும் பெண்ணும் பயிலலாம். மேல்மாடியில் ஆங்கிலப் பாடசாலை, கட்டணம் உண்டு, உத்தியோகத்துக்கு வழியும் அதுவே. மேல்மாடிக்கு ஏறும் இடத்திற் பிள்ளைகள் பிரிக்கப்பட்டனர். ஆண்களுக்கு யாழ்ப்பாணத்திற் புனித பத்திரிசியார் கல்லூரி, பெண்களுக்குத் திருக்குடும்பக் கன்னியர் மடம் என்பது கத்தோலிக்கர் வகுத்த ஒழுங்கு. தீவகத்தில் ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரி ஆண்களின் கல்லூரியாக வளர்ந்தது; கரம்பொன்னில் சிறிய புஷ்பம் மகளிர் பாடசாலை பெண்களுக்கென அமைந்தது.

இவ்வொழுங்கு ஆண்பிள்ளைக்கு எவ்வளவு நீண்ட வழியைத் திறந்தது என்பதற்குத் தனிநாயகம் அடிகளின் வாழ்வே சான்று. 1913 ஓகஸ்ட் 2 ஆம் நாள் கரம்பொன்னிற் பிறந்த அவர், 1920 முதல் 1922 வரை ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரியிலும், 1923 முதல் 1930 வரை யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் பயின்றார். பின்னர் கொழும்பிற் குருமடத்திலும் உரோமையிலும் கற்றார். 1940 முதல் 1945 வரை திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்திற் புனித தெரேசாள் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். தமிழைத் துறைபோகக் கற்கத் தொடங்கியதும் அங்கேயே. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்று, இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கல்வித்துறை விரிவுரையாளராகி, பண்டைத் தமிழரின் கல்விச் சிந்தனையை ஆராய்ந்து இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1964 இற் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றவரும், 1966 இற் கோலாலம்பூரில் முதலாவது தமிழாராய்ச்சி மாநாட்டை நடத்தியவரும் அவரே.

கரம்பொன்னிலிருந்து கோலாலம்பூர் வரை நீண்ட இவ்வழியின் முதற்படி, வீட்டுக்கு அண்மையில் இருந்த ஒரு கத்தோலிக்க ஆண்கள் கல்லூரி. அடுத்தபடி யாழ்ப்பாண நகரில் ஒரு விடுதி வாழ்வு. அதே ஆண்டில், அதே தீவகத்தில், கடலுக்கு அப்பாலுள்ள அனலைதீவிலோ எழுவைதீவிலோ பிறந்த பெண்பிள்ளைக்கு இப்படிகள் எங்கே? பெண்பிள்ளையைப் பாய்த்தோணியில் ஏற்றி நாள்தோறும் அனுப்புதல் இயலாது. விடுதியில் விடுவதற்குப் பணம் வேண்டும். பணம் இருந்தாலும் மனம் வேண்டும். சோளகம் வீசும் மாதங்களிற் கடல் கொந்தளிக்கும்; வாடைக் காலத்தில் மழையும் இருளும் சேரும். வளர்ந்தோரே தயங்கும் அத்துறையிற் பிள்ளையை விட எந்தத் தாய் துணிவாள்? தமையன் உறவினர் வீட்டில் தங்கிப் படித்தான். தங்கை ஐந்தாம் வகுப்போடு அல்லது எட்டாம் வகுப்போடு வீட்டில் இருந்தாள். 1946 ஆம் ஆண்டுக் குடிமதிப்பு இலங்கை முழுவதற்கும் காட்டிய கணக்கை நோக்குக: எழுத்தறிந்தோர் ஆண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 70 பேர், பெண்களில் 44 பேர்.

இனி, மேல்வகுப்பிலும் இருபாலாரையும் ஒருங்கே பயிற்றினால் என்ன என்று அக்காலத்தோர் எண்ணவில்லையா? கத்தோலிக்க திருச்சபையின் தலைமை இதனைத் தெளிவாகவே மறுத்திருந்தது. 1929 டிசெம்பரிற் பதினோராம் பத்திநாதர் விடுத்த கல்வி பற்றிய சுற்றுமடல், ஆணையும் பெண்ணையும் ஒரே முறையில் ஒருங்கு பயிற்றுவதைத் தவறெனக் கொண்டது; சிறப்பாக, வளரிளம் பருவத்திற் பிரிவு வேண்டுமென்றது. யாழ்ப்பாணத்துப் பெற்றோரின் எண்ணமும், சைவராயினும் கத்தோலிக்கராயினும், அதற்கு மாறுபட்டதன்று. பருவமெய்திய பெண்ணைப் பள்ளிக்கு அனுப்புவதே பெரிது. அங்கே ஆண்பிள்ளைகளும் இருப்பரெனின் சொல்ல வேண்டுவதில்லை.

அம்மறுப்பை மூடத்தனமென்று தள்ளுதல் நியாயமன்று. பெண்களுக்கே உரிய பாடசாலையிற் பெண்பிள்ளை தலைமை தாங்கப் பழகுகிறாள். விளையாட்டுத் திடலும் நாடக மேடையும் முழுவதும் அவளுடையனவாகின்றன. உடுவிலிலும் கன்னியர் மடங்களிலும் பயின்ற பெண்கள் ஆசிரியைகளாகவும் வைத்தியர்களாகவும் விளங்கியமை இதற்குச் சான்று. ஆனால் இந்நன்மை, பாடசாலையை அடையக்கூடிய பெண்ணுக்கே கிடைக்கும். அடைய முடியாதவளுக்குத் தனிப்பாடசாலையின் சிறப்பால் ஆவதென்ன?

உலகின் பிற பகுதிகளிலும் இக்கேள்வி எழுந்தது. திருச்சபையே காலப்போக்கில் தன் நிலையைச் சற்று நெகிழ்த்திற்று. 1957 டிசெம்பரில் உரோமையிலிருந்து வெளிவந்த அறிவுறுத்தல், கலவன் முறையை இலட்சியமாக ஏற்காவிடினும், வேறு வழியற்ற இடங்களிற் பாதுகாப்புகளோடு நடத்த இடங்கொடுத்தது. தொகையாலும் வறுமையாலும் இரண்டு பாடசாலை நடத்த இயலாத ஊர்கள் ஐரோப்பாவிலும் இருந்தன. கத்தோலிக்கம் மேலோங்கிய அயர்லாந்தில் 1967 இல் இடைநிலைக் கல்வி இலவசமாக்கப்பட்டது. அதன்பின் பல சிறு நகர்களில், கன்னியர் நடத்திய பெண்கள் பாடசாலையும் துறவியர் நடத்திய ஆண்கள் பாடசாலையும் இணைந்து ஒரே கலவன் பாடசாலையாயின. ஒரே விஞ்ஞான ஆய்வுகூடம், ஒரே கணித ஆசிரியர், ஒரே நூல்நிலையம் என்றால் இருபாலார்க்கும் கிடைக்கும். இரண்டாகப் பகுத்தால் இருவர்க்கும் குறையும். தீவகத்துக்கும் இக்கணக்குப் பொருந்தும். ஒரு சிறு தீவிற் பத்தாம் வகுப்பை எட்டும் பிள்ளைகள் இருபது பேர் என வைத்துக்கொள்வோம். பத்துப் பேருக்கு ஓர் இரசாயன ஆசிரியர் வருவதும் அரிது. இருபது பேருக்கெனின் வருவார் என்று எதிர்பார்க்கலாம்.

இலங்கையிற் படிக்கட்டைத் திறந்துவிட்ட மாற்றங்கள் 1940 களில் தொடங்கின. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்கள் கல்வி மந்திரியாக இருந்தபொழுது கிராமப் பகுதிகளில் மத்திய பாடசாலைகள் நிறுவப்பட்டன. 1945 ஒக்ரோபர் முதலாம் நாள் தொட்டு இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பின்னர் தாய்மொழியே மேல்வகுப்புகளிலும் படிப்படியாகப் பயிற்சிமொழி ஆயிற்று. கட்டணமும் ஆங்கிலமும் ஆகிய இரு தடைகளும் தளர்ந்ததும், கீழ்மாடியிலிருந்த தமிழ்க் கலவன் பாடசாலை தானே மேல்நோக்கி வளரத் தலைப்பட்டது. எட்டாம் வகுப்போடு நின்ற பாடசாலை பத்தாம் வகுப்பைக் கண்டது, வித்தியாலயமாயிற்று, சில இடங்களில் மகா வித்தியாலயமும் ஆயிற்று. அனலைதீவின் சதாசிவ மகா வித்தியாலயம் இத்தகைய வளர்ச்சியின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. 1953 ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் எழுத்தறிந்த பெண்கள் நூற்றுக்கு 54 பேராயினர். ஏழே ஆண்டுகளிற் பத்துப் பேர் உயர்ந்தமை சிறிய செய்தியன்று.

முதலெழுத்துகளைக் குறித்த நெடுநாள் வாதம் 1960 இல் முடிவுக்கு வந்தது. அவ்வாண்டின் ஐந்தாம் இலக்கச் சட்டத்தாலும், 1961 ஆம் ஆண்டின் எட்டாம் இலக்கச் சட்டத்தாலும், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உதவிநன்கொடைப் பாடசாலைகளை அரசினர் பொறுப்பேற்றனர். கத்தோலிக்கர் கடுமையாக எதிர்த்தனர். பல இடங்களிற் பெற்றோர் பாடசாலைக் கட்டடங்களுக்குள் அமர்ந்து காவல் காத்தனர். பம்பாய்க் கர்தினால் வலேரியன் கிரேசியஸ் வந்து அமைதி காண முயன்றார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி போன்ற சில, கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலைகளாகத் தனித்து நின்றன. ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரி உட்பட ஏனைய பலவும் அரசினர் பாடசாலைகளாயின. சபையார் இழந்தது பெரிது. தம் பணத்தாலும் ஊரவர் உழைப்பாலும் எழுப்பிய கூடங்கள் கைமாறின. நாள்தோறும் பாடசாலையை எட்டிப்பார்த்துக் கூரை ஒழுகினால் உடனே ஆள்விட்ட முகாமைக் குருவானவரின் கண் அகன்றது. கூரை ஒழுகினால் விண்ணப்பம் எழுதிக் காத்திருக்கும் காலம் வந்தது. மறுபுறம், ஆசிரியர் நியமனத்திற் சமயம் கேட்கப்படும் நிலை நீங்கிற்று. மேல்வகுப்புகளை ஏற்படுத்தும் செலவு பொதுச் செலவாயிற்று.

இவ்வளவு மாற்றத்துக்கும் பின்னரும் பல ஊர்களிற் பெயர்ப்பலகை மாறவில்லை. சபையின் நிருவாகம் போய் அறுபதாண்டுக்கு மேலாகியும், றோ. க. த. க. பாடசாலை என்னும் பெயர் யாழ்ப்பாணத்தில் இன்றும் வழங்குகின்றது. முதலிரண்டு எழுத்துகள் வரலாறாகிவிட்டன. இறுதி எழுத்தே நடைமுறையில் உயிரோடிருப்பது.

கலவன் வகுப்பிலே பெற்றோர் அஞ்சிய தீங்குகள் நிகழ்ந்தனவா? ஊரின் ஒழுங்கே வகுப்பின் ஒழுங்காயிற்று. ஒருபுற வாங்கில் ஆண்பிள்ளைகள், மறுபுற வாங்கிற் பெண்பிள்ளைகள். நடுவே ஆசிரியர் நடக்கும் வழி. சிறு தீவில் வகுப்புத் தோழர் பெரும்பாலும் மாமன் மக்கள், மச்சான்மார், அயலவர். ஒருவரையொருவர் பெயரறிந்து வளர்ந்தவரிடையே அச்சத்துக்கு இடம் குறைவு. ஆசிரியையாக ஒருத்தி அவ்வூரிலேயே பயின்று அவ்வூர்ப் பாடசாலைக்குத் திரும்பியபொழுது, அடுத்த தலைமுறைத் தாய்மாரின் தயக்கம் மேலும் குறைந்தது. அண்ணன் கணக்கில் தவறிய இடத்தில் தங்கை முதலாவதாக வருவதை ஒரே வகுப்பறையிற் கண்ட ஊர், பெண்ணுக்குப் படிப்பு ஏறாது என்னும் பழமொழியை மெல்ல மறந்தது.

பின்னர் போர் வந்தது. 1985 மே 15 ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகிற் பயணஞ் செய்தோர் இருபதுக்கும் மேற்பட்டோர் கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். காற்றுக்கும் அலைக்கும் அஞ்சிய தாய்மார், அதன்பின் மனிதர்க்கும் அஞ்ச வேண்டியதாயிற்று. 1990, 1991 ஆம் ஆண்டுகளில் தீவகத்தில் நிகழ்ந்த படை நடவடிக்கைகளால் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். குடாநாட்டுக்கும் கொழும்புக்கும் தமிழகத்துக்கும் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் குடும்பங்கள் சிதறின. 2009 இற் போர் முடிந்தபின் மீண்டவர் ஒரு பகுதியினரே. ஒருகாலத்தில் இடம் போதாமல் மரநிழலிலும் வகுப்பு நடத்திய ஊர்களில் இன்று வாங்குகள் வெறுமையாக இருக்கின்றன.

இந்நிலையிலேதான் சிறிய பாடசாலையின் எதிர்காலம் கேள்விக்குள்ளாகிறது. பிள்ளைகள் சிலரே, ஆசிரியர் குடாநாட்டிலிருந்து பேருந்திலும் படகிலுமாக வந்து திரும்ப வேண்டியவர், காற்று மாறினால் வர முடியாதவர். இத்தகைய பாடசாலைகளை அதிகஷ்டப் பிரதேசப் பாடசாலைகள் எனக் கல்வித் திணைக்களம் வகுத்துள்ளது. தலைக்கு ஆகும் செலவைப் பார்ப்பவர், இவற்றை மூடிப் பிள்ளைகளைப் பெரிய பாடசாலைக்கு அனுப்பலாமே என்பர். தரைவழி உள்ள ஊருக்கு அவ்வாதம் ஓரளவு பொருந்தலாம். வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் தாம்போதிகள் உண்டு, பேருந்து உண்டு. அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் நெடுந்தீவுக்கும் இன்றும் படகே வழி.

இலங்கைச் சட்டம் பிள்ளையின் கட்டாயக் கல்வி வயதை 1998 தொடக்கம் ஐந்து முதல் பதினான்கு வரை என நடைமுறைப்படுத்தியது. 2016 இல் அது பதினாறு வரை உயர்த்தப்பட்டது. பதினாறு வயது என்பது க. பொ. த. சாதாரண தரத்தை எட்டும் வயது. ஆகவே அவ்வகுப்பு வரையேனும் ஒவ்வொரு தீவிலும் கலவன் பாடசாலை நடப்பது தயவினால் அளிக்கும் சலுகை ஆகாது. சட்டம் பெற்றோர்மேற் சுமத்திய கடமையின் மறுபக்கம். கடலைக் கடந்து வா என்று பிள்ளையைக் கேட்பதிலும், கடலைக் கடந்து செல் என்று ஆசிரியரைக் கேட்பது எளிது. அவ்வாசிரியர் தங்கியிருக்க நல்ல விடுதியும், நேரந்தவறாத படகும், அங்கே பணிபுரிந்தமைக்கு உரிய மதிப்பும் அளித்தால், கேட்பது நியாயமும் ஆகும்.

மூடுவதா, காப்பதா என ஆராய்பவர் ஒரு கணக்கைத் தவறாது பார்த்தல் வேண்டும். பாடசாலை மூடப்படின், அதில் இருந்த ஆண்பிள்ளைகளில் எத்தனை பேர் அக்கரையிற் படிப்பைத் தொடர்வர், பெண்பிள்ளைகளில் எத்தனை பேர் தொடர்வர்? இரண்டு எண்களும் ஒன்றாக இராவென்பதை ஊர்காவற்றுறையின் பழைய வரலாறு காட்டுகின்றது. பெற்றோரின் மனம் இன்று மாறியிருக்கலாம், கட்டணம் இல்லை, இயந்திரப் படகு உண்டு. ஆயினும் வாடைக்கால மாலையில் இருட்டிய துறையிற் பெண்பிள்ளைக்காகக் காத்து நிற்கும் தாயின் மனம் பெரிதும் மாறவில்லை.

பாடசாலைகளை நிறுவியவர் கத்தோலிக்கக் குருமாரும் கன்னியரும், சைவப் பெரியாரும், அமெரிக்க மிஷனாரும், அரசினரும் எனப் பலர். அவரவர் நோக்கம் வேறு வேறாக இருந்தது. பிள்ளை நடந்து செல்லும் தூரத்தில், ஆணென்றும் பெண்ணென்றும் பாராது, ஒரே கதவைத் திறந்து வைத்த இடங்களிலெல்லாம் விளைந்த பயன் ஒன்றாகவே இருந்தது. தீவகத்துப் பாடசாலைகளைக் குறித்து இனி முடிவெடுப்போர், பெயர்ப்பலகையின் இறுதி எழுத்தை முதலில் வாசித்து முடிவெடுப்பாராக.